கிதாருக்குக் கம்பிச்சுருள் சுற்றுதல்



மட்டாஞ்சேரி என்றவுடன் மிளகும் ஏலமும் மணக்கும் கடைத்தெருவும், 1568-இல் எழுந்த யூதர் ஆலயமும் நம் நினைவுக்கு வருகின்றன. அவ்வூருக்குப் பாட்டும் ஒரு செல்வம். 1981-இல் மறைந்த மெஹபூப், 2018-இல் மறைந்த கஜல் பாடகர் உம்பாயி ஆகியோரின் குரல்களை இன்றும் போற்றும் ஊர் அது. அடுத்துள்ள கோட்டைக் கொச்சியிலோ, ஆங்கிலோ இந்தியர் இல்லங்களிலும் தேவாலயப் பாடகர் குழுக்களிலும் கிதார் நெடுநாள் பழகிய கருவி.

அங்கே மின்கிதார் வைத்திருப்போருக்குக் கடற்காற்று ஒரு பகை. உப்பும் ஈரமும் கலந்த அக்காற்று, கிதாரின் தந்திகளுக்குக் கீழே அமைந்த ‘பிக்கப்’ என்னும் உறுப்பினுள் புகுந்து, மயிரிழை போன்ற செப்புக் கம்பியில் களிம்பு ஏற்றி, ஒருநாள் அதனை அறுத்துவிடுகிறது. கருவி ஊமையாகிவிடும். உடனே வெளிநாட்டுப் பிக்கப் ஒன்றுக்குப் பல ஆயிரம் ரூபாய் செலவிட வேண்டும் என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால் எந்தக் கடைத்தெருவிலும் மின்விசிறிக்கும் நீரேற்றும் மோட்டாருக்கும் கம்பி சுற்றித் தரும் ‘வைண்டிங்’ கடை ஒன்று இருக்குமல்லவா? அந்தக் கடைக்காரர் கையில் உள்ள தொழிலும் கிதாரின் பிக்கப்புக்கு வேண்டிய தொழிலும் ஒன்றே. கம்பி மெல்லியது, சுற்று மிகுதி, வேறுபாடு அவ்வளவுதான்.

காந்தப் புலம் மாறினால் அருகிலுள்ள கம்பிச்சுருளில் மின்சாரம் தோன்றும் என்று 1831-இல் பாரடே காட்டினார். பிக்கப்பில் காந்தத் துண்டுகள் ஆறு. அவற்றைச் சுற்றிக் கம்பிச்சுருள். மேலே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் அசைகிறது. அந்த அசைவு மின்னோட்டமாகி ஒலிபெருக்கியை அடைகிறது. தந்தி எஃகாக இருந்தால்தான் இது நடக்கும். வீணைக்குக் காந்தப் பிக்கப் பொருத்துவோர் இதை மறத்தலாகாது. அதன் பித்தளைத் தந்திகள் காந்தத்துக்கு அடங்கா.

அமெரிக்காவில் ஜார்ஜ் போஷாம்ப் என்னும் கிதார்க் கலைஞர் இவ்வகைக் கருவியை 1931-இல் உருவாக்கி, 1937-இல் காப்புரிமை பெற்றார். முதற் சுருளை வீட்டுச் சாமான் ஒன்றின் மோட்டாரைக் கொண்டே சுற்றினார் என்பது செவிவழிச் செய்தி. பின்னர் ஃபெண்டர் தொழிற்சாலையிலும், 1956 முதல் அங்குப் பணிபுரிந்த அபிகேல் யபாரா போன்ற பெண்கள் கம்பியை விரலாலேயே நடத்திச் சுற்றினர். இன்று இசைவாணர் தேடி வாங்கும் சுருள்கள் அவை. ஆகவே வீட்டில் கையால் சுற்றுவதை இழிவாக நினைக்க வேண்டுவதில்லை.

புதிதாகத் தொடங்குபவர் நன்றாகப் பாடும் பிக்கப்பைத் தொடாமல், செத்துப்போன ஒன்றை எடுத்துக்கொள்வதே முறை. அதையும் உடனே அறுத்தெறிதல் வேண்டா. பல வேளைகளில் கம்பி அறுந்திருப்பது வெளிமுனையில், பற்றவைத்த இடத்தில்தான். ஒரு சுற்று அவிழ்த்து மீண்டும் பற்றவைத்தால் உயிர் வந்துவிடும். வராவிட்டால், கம்பி எத்திசையில் சுற்றப்பட்டுள்ளது என்பதையும், உள்முனை எது, வெளிமுனை எது என்பதையும் தாளில் வரைந்து வைத்துக்கொண்டு, அதன் பின்னரே பழைய கம்பியை வெட்டி நீக்க வேண்டும். காந்தங்கள் வெறுமையாகத் தெரியுமானால் அவற்றின்மேல் மெல்லிய டேப் ஒரு சுற்று ஒட்டுவது நலம்.

இனிக் கம்பி. இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். மேல்நாட்டு நூல்களெல்லாம் 42-ஆம் எண் கம்பி என்று கூறும். அது அமெரிக்க அளவு. தடிமன் ஏறத்தாழ 0.063 மி.மீ. நம் ஊர்க் கடைகளில் வழங்குவதோ பிரிட்டிஷ் அளவு. அங்கே 42-ஆம் எண் என்று கேட்டால் 0.1 மி.மீ. கம்பியைத் தருவர், வேண்டிய சுற்றில் பாதி ஏறுமுன்னரே பாபின் நிரம்பிவிடும். நம் கடையில் கேட்க வேண்டியது 46-ஆம் எண். எண்ணைச் சொல்வதைவிட மில்லிமீட்டரைச் சொல்வது இன்னும் நன்று. மின்விசிறிக்கு 36-ஆம் எண்ணை ஒட்டிய கம்பியையே பயன்படுத்துவோர் இதனைக் கையிருப்பில் வைத்திராமல் வரவழைத்துத் தரக்கூடும்.

ஒற்றைச்சுருள் பிக்கப் ஒன்றுக்குச் சுமார் 8,000 சுற்று வேண்டும். அத்தனைக்கும் செம்பின் எடை 30 கிராம் அளவே. ஆயினும் நீளம் ஒரு கிலோமீட்டரைத் தாண்டும். மட்டாஞ்சேரி அரண்மனை வாசலிலிருந்து யூதர் ஆலயத்துக்குப் போய்த் திரும்பினாலும் மிச்சம் இருக்கும்!

சுழற்றுவதற்குத் தையல் மெஷின் மோட்டார் மிகவும் ஏற்றது. கால்மிதியால் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். தொடக்கத்தில் நிமிடத்துக்கு 400 சுற்றுப் போதும்; இருபது நிமிடத்தில் வேலை முடியும். எண்ணுவதற்கு மலிவான கால்குலேட்டர் ஒன்றே போதுமானது. காந்தம் நெருங்கினால் மூடிக்கொள்ளும் சிறு கண்ணாடிச் சுவிட்சை அதன் சமக்குறி விசையோடு இணைத்து, சுழலும் தட்டில் ஒரு காந்தத்தை ஒட்டிவிட்டால், ஒன்றுடன் ஒன்று கூட்டிக்கொண்டே போகும்.

எந்திரத்தால் ஆகாதது கம்பியின் இழுப்பு. சிறு கம்பளித் துண்டுக்கு இடையே கம்பியை ஓடவிட்டு விரலால் அணைத்துப் பிடிக்க வேண்டும். இறுக்கினால் கம்பி நீண்டு மெலிந்து அறும். தளர்ந்தால் சுருள் தானே அதிர்ந்து ஒலிபெருக்கியில் கீச்சிடும். வைண்டிங் கடைக்காரரிடம் அரைமணி நேரம் உடனிருந்து பார்ப்பது நூல்கள் பலவற்றைப் படிப்பதினும் மேல் என்று நாம் கருதுகிறோம். ஐந்நூறாம் சுற்றில் அறுந்தால் உருவிவிட்டுத் தொடங்கலாம். ஏழாயிரத்தில் அறுந்தால் மனம் உடைய வேண்டா. இரு முனைகளையும் பற்றவைத்து, மெல்லிய டேப்பால் மூடி, மேலே சுற்றலாம். ஓசைக்குக் குறைவு வராது.

முடிந்ததும் மல்டிமீட்டரால் அளந்தால் 6,000 ஓம் அளவில் காட்டும். 20 பாகை வெப்பத்தில் 6,000 காட்டும் அதே சுருள் 30 பாகையில் 230 ஓமுக்கு மேல் கூட்டிக் காட்டும். செம்பின் இயல்பு அது. கொச்சியின் நண்பகலில் அளப்பவர் மேல்நாட்டுக் கணக்கோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டா.

அடுத்து மெழுகுக் குளியல். பாரஃபின் மெழுகு நான்கு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு. பாத்திரத்தை நேரே அடுப்பில் ஏற்றுதல் தீயை அழைப்பதாகும். வெந்நீர்ப் பாத்திரத்தினுள் வைத்தே உருக்க வேண்டும். வெப்பம் 65 பாகை அளவில் நிற்கட்டும். மிஞ்சினால் பிளாஸ்டிக் பாபின் வளைந்துவிடும். சுருளை அமிழ்த்தினால் காற்றுக் குமிழிகள் எழும். அவை நின்றபின் எடுக்கலாம். சுருளின் கீச்சொலியை அடக்குவதோடு கடற்காற்றின் ஈரத்தையும் மெழுகு தடுக்கும். ஆகவே கொச்சியில் இதைத் தவிர்த்தலாகாது. சூன் மாத அடைமழையில் இவ்வேலையைத் தொடங்குவதினும் சனவரி, பிப்ரவரியின் உலர்ந்த நாட்கள் சிறந்தவை.

ஓர் இரவு ஆறவிட்டுப் பொருத்தலாம். ஒலிபெருக்கியைத் தாழ்வாக வைத்து, எஃகுத் திருப்புளியால் காந்தத்தின் தலையை மெல்லத் தட்டினால் ‘டொக்’ என்று பதில் வரும். மெல்லிய இரைச்சல் கேட்பது ஒற்றைச்சுருளின் பிறவிக்குணம். அதனை நீக்கவே கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955-இல் இரட்டைச்சுருளை வகுத்தார். இரண்டு பிக்கப் உள்ள கிதாரில் இரண்டையும் சேர்த்து ஒலிக்கச் செய்யும்போது நாதம் வற்றி மெலிந்தால் சுருளை அவிழ்க்க வேண்டுவதில்லை. புதிய பிக்கப்பின் இரு முனைகளையும் இடம் மாற்றிப் பற்றவைத்தால் சரியாகிவிடும்.