ஊர்தியில் ஏரியல் அமைக்கும் முறை

(வடகிழக்குப் பருவமழைக்கு முன்னர் நடந்த ஊராட்சிப் பணியாளர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களை நம் தூத்துக்குடி மாவட்டத்தார் மறக்க இயலாது. காயல்பட்டினத்தில் இருபத்து நான்கு மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பெய்தது. ஓராண்டு முழுவதிலும் நமக்குக் கிடைக்கும் மழையினும் இது மிகுதி. தாமிரபரணி கரைபுரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. நூற்றுக்கணக்கான பயணிகள் தவித்தனர். மின்சாரம் நின்றது, கைபேசிகள் ஓய்ந்தன. எவ்வூரில் உணவில்லை, எவ்வூரில் கர்ப்பிணி இருக்கிறாள் என்று கேட்டறியவும் வழியில்லாமற் போயிற்று.

இத்தகைய வேளையில் உதவுவது ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலி. கோபுரத்தின் துணையின்றி ஒரு கருவி மற்றொரு கருவியோடு நேரே பேசும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது, அந்தமான் போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் அவர்களும் அவர்தம் குழுவினரும் இவ்வகையில் செய்தி அனுப்பி உதவியதை நாடறியும். மத்திய அரசின் தேர்வில் தேறி உரிமம் பெற்றவரே இக்கருவியை இயக்கலாம். அவருக்கு ஊர்தியும், அதில் தக்க ஏரியலும் அமைத்துத் தருவதே நம் கடமை.

கருவி நன்றாயிருந்தால் போதாதா, ஏரியல் எங்கிருந்தால் என்ன என்று கேட்பீர்கள். நாம் பயன்படுத்துவது 145 மெகாஹெர்ட்ஸ் அலை. அதன் நீளம் ஏறத்தாழ 2 மீட்டர். ஏரியல் கம்பி அதில் காற்பங்கு, அதாவது ஏறத்தாழ அரை மீட்டர். அக்கம்பி பாதி ஏரியலே. அதன் கீழ் விரிந்திருக்கும் இரும்புத் தகடு மறுபாதி. ஆதலின் கூரையின் நடுவில் நிறுத்தினால் நாற்புறமும் ஒலி ஒருசீராகச் செல்லும். பின்மூலையில் நிறுத்தினால் ஒரு திசையில் வலுத்து, மற்றொரு திசையில் மெலியும்.

பொருத்தும் வழிகள் மூன்று. முதலாவது, கூரையில் துளையிட்டு நிலையாக அமைத்தல். இதுவே வலிமையில் சிறந்தது. ஆயின் ரப்பர் வளையமிட்டு நீர் புகாவண்ணம் அடைத்தல் வேண்டும். இரண்டாவது, விளிம்பில் பற்றுக்கொளுவி வைத்து இறுக்குதல். இதில் துளை தேவையில்லை; ஆனால் கொளுவியின் திருகு வண்ணப்பூச்சைத் துளைத்து இரும்பைத் தொட்டாலன்றிப் பயனில்லை. மூன்றாவது, காந்த அடியை வைத்தல். ஒரு நிமிடத்தில் வைக்கலாம், எடுக்கலாம்.

அரசு ஊர்தியில் துளையிடுவதா என்று தயங்கி, நான் முதலில் காந்தத்தையே தேர்ந்தேன். அதையும் கைக்கெட்டும் பின்மூலையில் வைக்கச் சொன்னேன். ஒத்திகை நாளில் ஒரு திசையிலிருந்த ஊர்களுக்கு எங்கள் குரல் தெளிவாக எட்டவில்லை. திரும்பும் வழியில் உடைமரக் கிளை தட்டி ஏரியல் விழுந்து, கம்பியில் தொங்கிக்கொண்டு வந்தது. சில வாரங்கள் கழித்துக் காந்தத்தை எடுத்துப் பார்த்தால், உப்பளக் காற்றின் ஈரம் அடியில் தங்கி, கூரையில் வட்டமாகத் துருவேறியிருந்தது. துளைக்கு அஞ்சியவன் துருவை வாங்கிக்கொண்டேன். பிழை என்னுடையதே.

இப்போது நாம் கொண்டுள்ள முடிவு இது. அலுவலக ஜீப்பில் உரிய அனுமதி பெற்று, கூரை நடுவே நிலையான ஏரியல். ஆனால் வெள்ளத்தில் ஜீப் நின்றுவிடும், டிராக்டர் செல்லும். அது இரவல் வண்டி. துளையிட நமக்கு உரிமையில்லை. அதன் இரும்பு மூடியில் காந்த அடியை வைப்போம். பணி முடிந்ததும் எடுத்துத் துடைப்போம். மீனவர் கொணரும் வள்ளமோ கண்ணாடியிழையாலானது. அதில் காந்தமும் ஒட்டாது, அடித்தகடும் இல்லை. அதற்கென, தகடு வேண்டாத அரையலை ஏரியலை மூங்கிற் கழியில் கட்டி வைத்திருப்போம். எந்த ஊர்தியாயினும் கருவிக்கு மின்சாரத்தைப் பாட்டரியிலிருந்தே, ஃபியூஸ் வைத்து நேரே எடுக்க வேண்டும். இடி மின்னலின்போது பேச்சை நிறுத்தி, கழியை இறக்கிவிட வேண்டும்.

நம் கடலில் 1961-ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. ஆயினும் மூழ்குபவன் தன் கயிற்றை மைத்துனன் கையிற் கொடுத்தே இறங்குவான் என்னும் பேச்சு இன்றும் வழங்குகிறது. கயிறு எவ்வளவு உறுதியாயினும், மேல்முனையைப் பிடித்தவன் கை தளர்ந்தால் கீழிருப்பவன் கதி என்னாகும்? வெள்ளம் சூழ்ந்த ஊருக்கு ஏரியலே அக்கயிறு. அதன் அடியை மழைக்கு முன்னரே உறுதி செய்வோம். அடுத்த வாரம் ஒவ்வொரு ஊராட்சியிலிருந்தும் ஒருமுறை பேசிப் பார்ப்போம். எவ்வூர் கேட்கவில்லை என்பதை ஏட்டில் குறிப்போம்.