நின்றுபோன எஞ்சின்

பழைய மோட்டார் வண்டியொன்று வழியில் நின்றுவிட்டால், தேர்ந்த மெக்கானிக் உடனே எஞ்சினைக் கழற்ற முற்படுவதில்லை. பெட்ரோல் வருகிறதா, ப்ளக்கில் பொறி எழுகிறதா, உள்ளே அழுத்தம் இருக்கிறதா என்ற மூன்றையும் முறையாகப் பார்க்கிறார். ரோட்டரி எஞ்சின் பூட்டிய வண்டியாயின் மூன்றாவது கேள்வியே தலையாயது.

அவ்வகை எஞ்சினில் மேலும் கீழும் ஓடும் பிஸ்டன் இல்லை. நடுவில் சற்றே ஒடுங்கிய நீள்வட்டக் கூட்டினுள் முக்கோணச் சுழலி ஒன்று சுழல்கிறது. அதன் மூன்று முனைகளிலும் பொருத்திய மெல்லிய சீல்களே வாயு கசியாமல் காக்கின்றன. மேற்கு ஜெர்மனியில் 1967-இல் வெளிவந்த என்.எஸ்.யு. ரோ 80 வண்டியின் பெயரைக் கெடுத்தது, முற்பட்ட வண்டிகளில் இச்சீல்கள் விரைவில் தேய்ந்ததுதான்.

ப்ளக் ஒன்றைக் கழற்றி, அவ்விடத்தில் அழுத்தமானியைப் பொருத்தி, அதன் வால்வைத் திறந்து பிடித்தவாறு எஞ்சினைச் சுழற்றினால், சுழலியின் மூன்று பக்கங்களுக்கும் முள் மும்முறை துடிக்கும். மூன்றும் ஒத்திருந்தால் நலம். அடுத்தடுத்த இரண்டு தளர்ந்தால், அவ்விரு பக்கங்களும் கூடும் முனையின் சீலை ஐயுறலாம். மூன்றும் தளர்ந்தாலும் அவசரப்பட்டுத் தீர்ப்பளிக்கலாகாது. மிகுதியாகப் பாய்ந்த பெட்ரோல் உள்ளிருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவியிருக்கக்கூடும். சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் சோதிக்கவேண்டும். நல்ல எஞ்சினைப் பழுதென்று பிரித்துப் போடுவதும் பிழையே.

கைக்கெட்டும் எஞ்சினுக்கே இத்துணைப் பொறுமை வேண்டுமெனில், கடலில் வீழ்ந்துவிட்ட எஞ்சினின் நோயை எங்ஙனம் அறிவது? திருவனந்தபுரத்தை அடுத்த வலியமலையில் உள்ள திரவ உந்து அமைப்புகள் மையத்தார்முன் 2010-இல் இக்கேள்வி எழுந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 15 அன்று, நம் நாட்டிலேயே ஆக்கிய கிரையோஜெனிக் எஞ்சினை முதன்முதலாகத் தாங்கி, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் எழுந்தது. முதலிரு கட்டங்களும் 293 வினாடிகள் வரை செவ்வனே இயங்கின. பின்னர் ராக்கெட் வழிதவறிக் கடலில் வீழ்ந்தது.

கழற்றிப் பார்க்க எஞ்சின் இல்லை. பறக்கும்போது அது அனுப்பிய அளவுகள் மட்டுமே இருந்தன. எஞ்சின் பற்றவே இல்லையோ என்ற ஐயத்தை, ராக்கெட்டின் முடுக்கத்தைக் காட்டிய பதிவுகள் நீக்கின. அது பற்றியிருந்தது. ஆயின், திரவ ஹைட்ரஜனை ஊட்டும் பூஸ்டர் பம்பு நிமிடத்திற்கு 34,800 சுற்றுகளை எட்டியபின், வேகம் குன்றத் தொடங்கி, அடுத்த 0.6 வினாடிக்குள் அறவே நின்றுவிட்டது. ஹைட்ரஜன் வராமையால் எஞ்சினும் ஓய்ந்தது. பெட்ரோல் வருகிறதா என்ற மெக்கானிக்கின் முதற்கேள்விக்கே இங்கு விடை கிட்டிற்று.

பம்பு ஏன் நின்றது? சீல் உள்ள ஓரிடத்தில் சுழலி இறுகிப் பற்றிக்கொண்டிருக்கலாம். அல்லது விசையாழியின் உறை வெடித்திருக்கலாம். மொழிபெயர்ப்பையே அலுவலாகக் கொண்ட நாம் அவ்வறிக்கையின் ஒரு சொல்லில் தயங்கி நின்றோம். இதுவே காரணம் என்று சாதிக்காமல், நிகழ்ந்திருக்கக்கூடியவை இரண்டு என்றே ஆய்வுக் குழுவினர் எழுதியிருந்தனர். அச்சொல்லைத் தமிழில் ‘உறுதியான காரணம்’ என்று எழுதிவிட்டால், வாக்கியம் மிடுக்காக இருக்கும், உண்மை போய்விடும்.

அந்த நேர்மை வீண்போகவில்லை. கடுங்குளிரில் பேரிங்குகளும் உறையும் விரிந்து சுருங்குவதைக் கருத்திற்கொண்டு பம்பைத் திருத்தி அமைத்தனர். எஞ்சின் வெற்றிடத்தில் பற்றுவதைத் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் சோதித்தனர். 2013 ஆகஸ்ட் 19 அன்று, ஏவுவதற்குச் சற்றுமுன் இரண்டாம் கட்டத்தில் கசிவு தெரிந்தபோது, தயங்காமல் ஏவுதலை நிறுத்தினர். 2014 ஜனவரி 5 அன்று ராக்கெட் ஜிசாட்-14 செயற்கைக்கோளை உரிய பாதையில் சேர்த்தது.

தொலைவில் வாழும் நேயர்கள் அடுத்தமுறை நாகர்கோவில் செல்லும் ரயிலில் மகேந்திரகிரி மலையைக் கடக்கும்போது, இதை ஒருகணம் எண்ணிப் பாருங்கள். தெரிந்ததைத் தெரிந்ததென்றும், ஐயத்தை ஐயமென்றும் எழுதிவைத்தவர்களே அந்த எஞ்சினை மீண்டும் ஓட்டிக்காட்டினார்கள்.