வெளிச்ச அறையில் வெண்திரை



திருச்சிராப்பள்ளியில் ரயில்வே ஊழியராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ஆம் ஆண்டில் டுபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படங்காட்டும் கருவியொன்றை வாங்கி, ஊர் ஊராகச் சென்று கூடாரமடித்துப் படம் காட்டினார். பின்னர் வந்த டூரிங் கொட்டகைகளும் பொழுது சாய்ந்த பிறகே ஆட்டத்தைத் தொடங்கின. மக்கள் வேலை முடித்து வருவது அந்நேரத்தில்தான் என்பது ஒரு காரணம். ஒளியின் இயல்பு மற்றொரு காரணம்.

படக்கருவியால் திரையின்மீது ஒளியை வீச முடியும். இருளை வீச முடியாது. கறுப்பாகத் தோன்ற வேண்டிய இடத்திற்கு அது ஒளி அனுப்பாமல் விட்டுவிடுகிறது, அவ்வளவே. அங்கே அறை வெளிச்சம் விழுமாயின், வெண்திரை அதனை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகிறது. கறுப்பு, சாம்பல் நிறமாகிவிடுகிறது.

இன்று நம் பள்ளிகள் பலவற்றில், பட்டப்பகலில் புரொஜெக்டர் கொண்டு பாடம் நடத்துகிறார்கள். ஆகையால், இருட்டுக் கொட்டகைக்கு வேண்டாதிருந்த ஒரு கணக்கு வகுப்பறைக்கு இன்றியமையாததாகிறது. அதனைச் செய்து பார்ப்போம்.

புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலத்தில் ஒரு வகுப்பறை இருப்பதாக வைத்துக்கொள்வோம். புரொஜெக்டரின் ஒளி 3,000 லூமென்; படத்தின் அகலம் 2 மீட்டர், உயரம் 1.5 மீட்டர்; பரப்பு 3 சதுர மீட்டர். லூமெனைப் பரப்பால் வகுத்தால் லக்ஸ் கிடைக்கும். ஆகவே, வெள்ளைப் பகுதியில் கருவி தரும் ஒளி 1,000 லக்ஸ். சன்னல் வழியே வரும் பகல் வெளிச்சம் அதே திரையில் 250 லக்ஸ் விழுகிறதென்று கொள்வோம். இப்போது வெள்ளைப் பகுதியில் 1,250. கறுப்புப் பகுதியில் 250. இரண்டிற்கும் உள்ள விகிதம் 5:1. கருவியின் பெட்டியில் 2000:1 என்று அச்சிட்டிருக்கலாம். ஆனால் கடைசி வரிசை மாணவன் காண்பது இந்த ஐந்துக்கு ஒன்றைத்தான்.

இது போதுமா? அமெரிக்காவில் 2011-இல் வெளியான ஒரு தரநிலை, சும்மா பார்த்துச் செல்லும் படத்திற்கு 7:1, படித்துப் பொருளுணர வேண்டிய படத்திற்கு 15:1, நுண்ணிய விவரங்களை ஆராய வேண்டிய படத்திற்கு 50:1 என்று வரையறுத்தது. நம் வகுப்பறை முதற்படியையே எட்டவில்லை.

பணத்தைச் செலவிட்டு 6,000 லூமென் கருவி வாங்கினால் என்னவாகும்? 2,250-ஐ 250-ஆல் வகுக்க, விகிதம் 9:1. அதற்குப் பதிலாக, பழைய கருவியையே வைத்துக்கொண்டு, திரைக்கருகிலுள்ள சன்னலைச் சாத்தி, முன்விளக்கை அணைத்து, அறை வெளிச்சத்தைத் திரையில் 50 லக்ஸாகக் குறைத்தால் என்னவாகும்? 1,050-ஐ 50-ஆல் வகுக்க, விகிதம் 21:1. இரு மடங்கு ஒளியால் கிட்டாதது, ஒரு சன்னற்கதவால் கிட்டுகிறது!

அப்படியானால் அறை முழுவதையும் இருட்டாக்கிவிடலாமே என்று கேட்பீர்கள். மாணவர் குறிப்பெழுத வேண்டாமா? நோட்டுப் புத்தகத்தின்மீது வெளிச்சம் வேண்டும், திரையின்மீது வேண்டாம். ஆதலால், திரையைச் சன்னலுக்கு நேர் எதிர்ச்சுவரில் மாட்டலாகாது. பக்கச் சுவரில் மாட்டி, அதனை அடுத்த சன்னலை மட்டும் சாத்திவிட்டுப் பின்புறச் சன்னல்களில் வெளிச்சத்தை மட்டுப்படுத்தலாம். படத்தை வேண்டுமட்டும் பெரிதாக்கும் ஆசையையும் அடக்க வேண்டும். அகலத்தையும் உயரத்தையும் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகும். ஒளியோ நான்கில் ஒன்றாகக் குறையும். வெளிர் மஞ்சள் எழுத்தை வெண்பின்னணியில் காட்டுவதும் கூடாது.

உங்கள் பள்ளியிலும் இதனைச் சோதித்துப் பாருங்கள். லக்ஸ் அளவியைத் திரையோடு ஒட்டி, கருவியை நோக்கிப் பிடியுங்கள். முழு வெள்ளைப் படத்தைக் காட்டி ஓர் அளவும், முழுக் கறுப்புப் படத்தைக் காட்டி ஓர் அளவும் குறித்துக்கொண்டு, முன்னதைப் பின்னதால் வகுத்துவிடுங்கள். விடை ஏழுக்குக் குறைவாயின், புதுக் கருவி கேட்டு விண்ணப்பம் எழுதுமுன் சன்னலண்டை செல்லுங்கள். கடைசி வரிசையில் கண்ணை இடுக்கிக்கொண்டிருக்கும் பிள்ளைக்குப் பாடம் தெரியச் செய்வதற்கு, பல சமயங்களில் அதுவே போதும்.