காளி பெயினை மீட்ட கைகள்

(நொய்யற் கரையில் ஆற்றுத் தூய்மைப் பணிக்கெனத் திரண்ட அன்பர்களிடையே நிகழ்ந்த பொழிவின் எழுத்து வடிவம்)



ஐந்து ஆறுகளால் பெயர்பெற்ற நாடு பஞ்சாபு. அப்பெயர் பாரசீகச் சொற்களால் ஆயது. 'ஐந்நீர்' என்பதே அதன் பொருள். திருவையாற்றைத் தன்னகத்தே கொண்ட தமிழர்க்கு அப்பெயரின் அழகு சொல்லாமலே விளங்கும். ஆயினும் இன்று எடுத்துக்கொண்ட செய்தி அவ்வைந்து பேராறுகளைப் பற்றியதன்று. அவ்வரிசையில் இடம்பெறாத ஒரு சிற்றாற்றைப் பற்றியது. காளி பெயின் என்பது அதன் பெயர். காளி என்றால் கரியது. பெயின் என்றால் ஓடை. ஓசியார்பூர் மாவட்டத்திலே தோன்றிக் கபூர்த்தலா மாவட்டத்தின் வழியே ஏறத்தாழ 160 கிலோமீட்டர் ஓடி, பியாசும் சட்லெசும் கூடுகின்ற அரிக்கேப் பகுதியிலே அது சென்று சேர்கின்றது.

சிற்றாறுதான், ஆனால் சீக்கியர் நெஞ்சில் அதற்குள்ள இடம் சிறிதன்று. அதன் கரையிலுள்ள சுல்தான்பூர் லோதி என்னும் ஊரிலேதான் குரு நானக் பல்லாண்டுகள் வாழ்ந்தார். தானியக் களஞ்சியக் கணக்கராகப் பணி செய்தார். ஒருநாள் அவ்வாற்றில் நீராட இறங்கியவர் மூன்றாம் நாளே வெளிவந்தார் என்றும், அப்பொழுதே தம் அறத்தை உலகிற்கு உரைக்கலானார் என்றும் அவர்தம் மரபு கூறும். ஒரு பேரினத்தின் சமயம் பிறந்த நீர் அது.

அந்நீர்தான் சாக்கடையாயிற்று! நாற்பதுக்கு மேற்பட்ட ஊர்களும் சில நகரங்களும் தத்தம் கழிவுகளை அதிலே கொட்டின. ஆகாயத்தாமரை என்று மக்கள் வழங்கும் நீர்க்களை கரைக்குக் கரை மூடிற்று. வண்டல் மேடிட்ட இடங்களில் ஆறே காணாமற்போய், ஆற்றுப்படுகை உழுநிலமாயிற்று. ஓட்டம் அடைபட்டமையால் மேலே நீர் தேங்கி வயல் கெட்டது. கீழே நீரின்றி வயல் கெட்டது. ஆண்டுதோறும் விழா எடுத்தவர்களும் அதனைக் கண்டனர். மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்தனர். போற்றிப் பாடுவதாலேயே ஓர் ஆறு காப்பாற்றப்பட்டுவிடாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

2000ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சலந்தர் நகரில் இதுபற்றி ஒரு கூட்டம் நடந்தது. கூட்டங்கள் எங்கும் நடப்பவையே. அக்கூட்டத்திற்கு வந்திருந்த துறவி பல்பீர் சிங் சீச்சேவால் தீர்மானத்தோடு நின்றுவிடவில்லை. தம்மைச் சார்ந்த சிலரை அழைத்துக்கொண்டு நேரே ஆற்றில் இறங்கினார். இடுப்பளவு சேற்றில் நின்று களையைக் கையாலே பறித்தார். துறவி ஒருவர் சாக்கடையில் நிற்பதைக் கண்ட ஊரார் முதலில் வியந்தனர். பிறகு தாமும் இறங்கினர். இதனை அவர்கள் 'கார் சேவா' என்கின்றனர். கைத்தொண்டு என்று நாம் வழங்கலாம். கோயிற்குளம் தூர்வாருதற்குக் கூலியின்றி மண் சுமக்கும் பழைய வழக்கம் அது. அதனை ஓர் ஆற்றின் முழுநீளத்திற்கும் விரித்தமையே அவர் செய்த புதுமை. ஊர்கள் ஆள் தந்தன, வண்டி தந்தன, சோறு தந்தன. வெளிநாடு சென்ற பஞ்சாபியர் பொருள் தந்தனர். களை அகன்றது; கரை உயர்ந்தது; மரங்கள் நடப்பெற்றன; படித்துறைகள் எழுந்தன. ஒருநாட் பணியன்று இது. ஆண்டுக் கணக்கில் நடந்த பணி.

நம்மிடம் இவ்வழக்கம் இல்லையா? இருந்தது. உத்தரமேரூர்க் கல்வெட்டு பத்தாம் நூற்றாண்டிலேயே ஏரி வாரியத்தைப் பேசுகின்றது. பிற்காலத்தில் ஊரார் கூடி நீர்நிலை செப்பனிடுவதைக் குடிமராமத்து என்றனர். இதில் குடி நம் சொல். மராமத்து அரபுச் சொல். 1858இல் வெள்ளையர் அரசு அதனைச் சட்டத்தால் கட்டாயமாக்க நேர்ந்தது என்றால், மனமுவந்து செய்த தொண்டு அதற்குள் எவ்வளவு தளர்ந்திருக்க வேண்டும்! 2017இல் தமிழக அரசு அதே கலப்புப் பெயரிலேயே அதனை மீண்டும் தொடங்கிற்று. ஊர்ச்செப்பனீடு என்று பெயரிட்டிருந்தால் ஏரியா கோபித்துக்கொள்ளும்? அது நிற்க.

2006 ஆகத்து 17ஆம் நாள் காளி பெயினைக் காண ஒருவர் வந்தார். இராமேசுவரத்துக் கடற்கரையிலே பிறந்து குடியரசுத் தலைவராக உயர்ந்த அப்துல் கலாமே அவர். அவர் வருகையால் நாட்டின் பார்வை அவ்வாற்றின்மேல் விழுந்தது. கழிவுநீரைத் தடுக்குமாறு அரசுக்கும் நெருக்கடி உண்டாயிற்று.

இங்கேதான் நாம் கூர்ந்து நோக்க வேண்டியது உள்ளது. களை பறித்தது எளிய பாதி. கழிவை நிறுத்துவதே கடிய பாதி. சீச்சேவால் அதற்கும் ஒரு வழி கண்டார். ஊர்ச்சாக்கடை நீரை நிலத்தடிக் குழாய்வழி கொணர்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த மூன்று கிணறுகளிற் செலுத்துவது. அவற்றிலே கசடு தங்கிவிடும். தெளிந்த நீர் குளத்தை அடையும். குளத்திலிருந்து வயலுக்குப் போகும். ஆறும் தப்பும், உழவனுக்கு உரநீரும் கிட்டும். பெரும்பொருட் செலவில்லாத இம்முறையைக் கங்கைக்கரை ஊர்களிலும் மேற்கொள்ளலாம் என நடுவணரசின் அமைச்சரே வந்து பார்த்துச் சென்றார்.

எனினும் வெற்றி முற்றுப்பெற்றது என்று சொல்வதற்கில்லை. 2013இல் அவ்வாற்றிலே மீன்கள் திரள்திரளாகச் செத்து மிதந்தன. தூய்மை செய்த கைகள் ஓயவில்லை. ஆனால் கழிவு திறந்துவிட்ட கைகளும் ஓயவில்லை. 2024இல் அத்தொண்டர்கள் உலூதியானா நகரின் புட்டா நாலாவில் இறங்கினர். அது சாயப்பட்டறைக் கழிவால் கறுத்த ஓடை.

சாயம் என்றவுடன் இக்கூட்டத்தார்க்கு நெஞ்சு துணுக்குறும்! காஞ்சி என்னும் பழம்பெயர் பூண்ட இந்நொய்யலும் அந்நோய்க்கு ஆளானதே. பாசனத்திற்கென 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தொட்டியாயிற்று. எந்த உழவனுக்காகக் கட்டினரோ அவ்வுழவனே அதன் நீரைத் திறக்கவேண்டா என்று வழக்காடினான். 2011 சனவரியில் உயர்நீதிமன்றம், கழிவை முற்றும் நிறுத்தாத பட்டறைகளை மூட ஆணையிட்டது. அந்த ஆணைக்குப் பின்னால் இருந்தது உழவர்களின் நெடிய போராட்டம். ஆயிரம்பேர் ஒருநாள் நெகிழிப்பை பொறுக்கி, படமெடுத்துக்கொண்டு வீடு திரும்பியிருந்தால் அவ்வாணை பிறந்திராது.

ஆகவே இன்று இறங்குவோர் மண்வெட்டியோடு ஒரு குறிப்பேட்டையும் எடுத்துச் செல்க. ஆற்றிலே திறக்கும் ஒவ்வொரு சாக்கடை வாயையும் எண்ணுக. அது எத்தெருவிலிருந்து வருகின்றது, எவ்வூராட்சிக்கோ நகராட்சிக்கோ உரியது, நீரின் நிறம் யாது, எப்பொழுது மிகுதியாக வருகின்றது என்பனவற்றை எழுதுக. இரவிலே திறந்துவிடுவோரும் உளர். ஆதலின் விடியலில் ஒருமுறை பார்ப்பது இன்றியமையாதது. அடுத்த திங்கள் அதே இடத்திற்கு அதே குழு மீண்டும் சென்று ஒப்பிட்டு நோக்குக. கையுறையின்றி எவரும் நீரில் இறங்கவேண்டா. சிறுவர்கள் கரையிலேயே மரக்கன்றுகளுக்குக் குழி எடுக்கட்டும். எண்ணும் குழுவினர் பாலத்திற்கு மேற்கே தொடங்குவர். களை எடுப்போர் கிழக்கே. கூடைகளும் மண்வெட்டிகளும் ஆலமரத்தடியில் உள்ளன.