டிவிக்குப் பின்னால் ஒரு சின்னப் பலகை

திண்டிவனம், விழுப்புரம் பக்கம் பல வீட்டு பீரோக்களில் கல்யாண டிவிடிகள் அடுக்கியிருக்கும். திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடிய நடந்த தெருக்கூத்தைப் பதிவு செய்த தட்டுகளும் சிலரிடம் உண்டு. அவற்றை ஓட்டும் பிளேயர்தான் எப்போதோ பழுதாகிப் போயிருக்கும்.

இந்தப் பதிவுகளை மறுபடி டிவியில் பார்க்க நல்ல வழி ஒன்று இருக்கிறது. ராஸ்பெர்ரி பை என்னும் ஒற்றைப் பலகைக் கணினி 2012 பிப்ரவரி 29 அன்று பிரிட்டனில் 35 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. பிள்ளைகள் நிரல் எழுதப் பழகத்தான் அதைச் செய்தார்கள். வாங்கியவர்களில் பலர் அதை டிவியோடு இணைத்துவிட்டார்கள். அதற்குத் தூண்டுகோல் கோடி என்ற கட்டற்ற மென்பொருள். எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காக ஆர்வலர்கள் 2002-இல் தொடங்கிய வேலை அது. கோடி என்ற பெயர் 2014-இல் வந்தது. படமோ பாட்டோ அதில் எதுவும் இருக்காது. நம்மிடம் இருப்பதை ஒழுங்காக அடுக்கி ஓட்டிக் காட்டும், அவ்வளவே.

கோடியைச் சுமந்து வரும் இயங்குதளங்களில் இரண்டு முக்கியமானவை. ஓஎஸ்எம்சி, டெபியன் லினக்ஸின் மேல் கட்டியது. கூடுதல் மென்பொருள்களை நிறுவிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு அது பெரிய விளையாட்டுத் திடல். 2016-இல் ஓப்பன்எலெக் என்ற திட்டத்திலிருந்து பிரிந்த லிப்ரெஎலெக்கோ கோடி ஓடுவதற்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிட்டது.

நம் ஊருக்கு எது பொருந்தும்? கரண்டு சொல்லிக்கொண்டு போவதில்லை. பலகையின் மெமரி கார்டில் தரவு எழுதப்படும்போது மின்சாரம் நின்றால் அதிலுள்ள கோப்புகள் சிதையலாம். லிப்ரெஎலெக்கில் இயங்குதளம் படிக்க மட்டுமே திறக்கும் ஒற்றைக் கோப்பாக இருக்கிறது. ஆகவே திடீர் மின்வெட்டில் அது கெடும் வாய்ப்பு குறைவு. இந்த ஒரு காரணத்துக்காகவே அதை முதலில் வைக்கலாம்.

பலகையில் நான்காம் தலைமுறை போதும். முதல் பலகைகளில் டிவிடியின் எம்பெக்-2 வடிவத்தை ஓட்டத் தனிக் கட்டணம் கட்டி உரிமம் வாங்க வேண்டியிருந்தது. நான்காவதில் செயலியே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. சிஇசி வசதியுள்ள டிவி என்றால் அதன் ரிமோட்டிலேயே எல்லாவற்றையும் இயக்கலாம். கைக்குக் கிடைத்த செல்போன் சார்ஜரை மட்டும் செருகிவிடாதீர்கள். 5 வோல்ட், 3 ஆம்பியர் தரும் அடாப்டர் வேண்டும்.

லினக்ஸ் என்றதும் தயங்க வேண்டாம். தமிழக அரசு 2011-இல் மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய மடிக்கணினிகளிலேயே பாஸ் லினக்ஸ் இருந்தது. விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கட்டற்ற மென்பொருளைச் சொல்லித் தருகிறது.

தட்டுகளில் பூஞ்சை ஏறிவிட்டால் எந்தப் பலகையாலும் அவற்றைப் படிக்க முடியாது. டிவிடி டிரைவ் உள்ள கணினி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து, முதலில் அந்தக் கூத்துப் பதிவுகளை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவிடுங்கள். பலகையை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.