ஒட்டகம் மேய்க்கப் போன பிள்ளைகளுக்கு

(ஜீவனஹள்ளிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிழைப்புத் தேடி நாம் பெங்களூர் வந்தோம். நம் பிள்ளைகள் வளைகுடாவுக்குப் போகிறார்கள். சிலருக்கு அங்கே கிடைப்பது ஒட்டகம் மேய்க்கும் வேலை. அதிலுள்ள ஆபத்தை ஏஜெண்டு சொல்லமாட்டான், நாம்தான் சொல்லவேண்டும்.

2012-இல் சவூதி அரேபியாவில் மெர்ஸ் என்ற வைரஸ் நோய் கண்டறியப்பட்டது. ஒட்டகத்துக்கு அது வெறும் சளி. பல ஒட்டகங்களில் அதுகூடத் தெரியாது. மனிதருக்கோ உயிராபத்து. நோய் உறுதியானவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாண்டார்கள். தடுப்பூசி இன்னும் வரவில்லை.

நம் நாட்டிலும் 2009-இல், வடமேற்குப் பகுதியில் ஒட்டக அம்மை பரவியபோது, ஒட்டகம் பராமரித்தவர்களின் கைகளில் கொப்புளங்கள் கண்டன. மூவருக்கு அந்த வைரஸ்தான் என்று உறுதியாயிற்று.

ஆகவே, இன்றிரவே போன் போட்டுப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: ஒட்டகப் பாலைக் காய்ச்சாமல் குடிக்காதே. ஒட்டகத்தைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவு. கையுறையும் முகமூடியும் முதலாளியிடம் கேள். அது பிச்சையல்ல, உழைப்பவனின் உரிமை. ஊர் திரும்பிய 14 நாளுக்குள் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் வந்தால், "ஒட்டகத்தோடு வேலை செய்தேன்" என்று டாக்டரிடம் முதலில் சொல்.

அனுப்பும் பணத்தைவிட, பிள்ளை உயிரோடு திரும்புவதே நமக்குப் பெரிது.