முகம் தெரியாத உறவுகள்



லூக்கா நற்செய்தி ஏழாம் பிரிவில் வரும் நூற்றுவர் தலைவரை நாம் அறிவோம். அவருடைய பணியாளர் சாகக் கிடக்கிறார். இயேசு வந்துகொண்டிருக்கும்போதே, வீடுவரை வரவேண்டாம், ஒரு வார்த்தை போதும் என்று நண்பர்கள் மூலம் சொல்லி அனுப்புகிறார். இயேசு அந்த வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை, பணியாளர் நலமடைகிறார். நற்கருணை வாங்குமுன் நாம் சொல்லும் மன்றாட்டு இவரிடமிருந்து வந்ததுதான்.

தூரத்திலிருந்தும் ஒருவரைத் தொடமுடியும் என்பதை வானொலியில் பேசுகிற நாங்கள் நம்பித்தானே ஆகவேண்டும்! சங்கரன்கோவிலில் தறிச் சத்தத்துக்கு நடுவே நீங்கள் கேட்பதும் முகமில்லாத ஒரு குரலைத்தான்.

இப்போது மெய்நிகர் உலகம் என்று ஒன்றைப் பற்றிப் பிள்ளைகள் பேசுகிறார்கள். கணினி கட்டிய ஊர் அது. கைபேசித் திரை வழியாகவோ, கண்ணை மூடும் கருவியை மாட்டிக்கொண்டோ உள்ளே போகலாம். நமக்குப் பதிலாக ஓர் உருவம் அங்கே நடமாடும். அதற்கு 'அவதார்' என்று பெயர். நம் நாட்டிலிருந்து கடன்போன சொல்!

2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரத்தில் ஒரு திருமணம் நடந்தது. கொரோனாக் கட்டுப்பாட்டுக் காலம். வரவேற்பை மட்டும் மெய்நிகர் உலகத்தில் வைத்தார்கள். ஹாரி பாட்டர் கதையில் வருவது போன்ற கோட்டைக்குள் விருந்தினர்கள் அவதார்களாக வந்தார்கள். அவர்களில் ஒருவர் மணமகளின் தந்தை. அவர் அதற்கு முன்பே இறந்துபோனவர்.

கேட்டவர்களில் சிலர் சிரித்தார்கள். நமக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. அப்பா இல்லாத கல்யாண வீட்டின் வெறுமை நமக்குத் தெரியாததா? படத்துக்கு மாலை போட்டு, அதன்முன் விழுந்து கும்பிட்டுவிட்டு மணமேடை ஏறும் பெண்களை நம் தெருவிலேயே பார்க்கிறோமே. இதுவும் அதே ஏக்கம்தான். இல்லாததைக் கண்முன் கொண்டுவருவது கலையின் பழைய வேலை. காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய வீரமாமுனிவர், தேம்பாவணியில் சூசையப்பரின் நாட்டைத் தமிழ்நாட்டு வயலும் நீருமாகவே கட்டினார். கிறிஸ்துமஸ் குடிலில் நாம் பெத்லகேமைக் கட்டுவதும் அப்படித்தான்.

ஆனால் நாளைக்கு யாராவது, "இறந்துபோன உங்கள் அப்பாவைப் பேசவைக்கிறோம், மாதச் சந்தா கட்டுங்கள்" என்று வந்தால், அங்கே நாம் நிற்கவேண்டும். புனிதர்களின் உறவை நம்புகிறோம் என்று அறிக்கையிடுகிறவர்கள் நாம். நம் இறந்தோர் கடவுளின் கையில் இருக்கிறார்கள், எந்த நிறுவனத்தின் கணினியிலும் அல்ல.

நார்வே நாட்டு மாட்ஸ் ஸ்டீன் என்ற இளைஞரைப் பற்றியும் சொல்லவேண்டும். பிறவியிலேயே தசைச் சிதைவு நோய், சக்கர நாற்காலி. நாளின் பெரும்பகுதி கணினி விளையாட்டு. மகன் நண்பரின்றித் தனிமையில் வாடுகிறான் என்று பெற்றோர் கலங்கினார்கள். 2014-ல், 25 வயதில் அவர் இறந்தார். அவருடைய வலைப்பதிவில் தந்தை அந்தச் செய்தியை எழுதினார். அதன்பின் கடிதங்கள் வந்து குவிந்தன. விளையாட்டு உலகத்தில் 'இபெலின்' என்ற பெயரில் அவர் எத்தனையோ பேருக்கு ஆறுதல் சொல்லியிருந்தார். அவர்களில் சிலர் நாடு கடந்து அடக்கத்துக்கே வந்தார்கள். முகம் பார்க்காத நண்பர்கள், கடைசியில் பெட்டியருகே நேரில் வந்து நின்றார்கள்.

இந்த நேரில் வருதலைத்தான் நாம் விட்டுவிடக்கூடாது. இணையத்தில் அருளடையாளங்கள் இல்லை என்று வத்திக்கான் 2002-லேயே தெளிவாக்கியது. அதே இயேசு, லூக்கா ஐந்தாம் பிரிவில் தொழுநோயாளரைக் கை நீட்டித் தொட்டார். அந்த மனிதரை நெடுநாளாக யாரும் தொட்டிருக்கமாட்டார்கள். வார்த்தை மட்டும் அவருக்குப் போதாது என்று ஆண்டவருக்குத் தெரிந்திருந்தது.

நம் பங்கிலும் படுக்கையில் இருந்தபடி கைபேசியில் திருப்பலி பார்க்கும் முதியோர் உண்டு. அது வரம்தான். ஆனால், "அவங்கதான் போன்லயே பூசை பாத்துக்கிறாங்களே" என்று நாம் அந்த வீட்டுப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டோமா? மகன் துபாயிலிருந்து தினமும் வீடியோவில் பேசுகிறான். தலையணையைச் சரிசெய்ய ஆளில்லை.

இந்த ஞாயிறு பூசை முடிந்ததும், நற்கருணை வேண்டி வீட்டில் காத்திருப்போரின் பெயர்களைப் பங்குத்தந்தையிடம் கொடுங்கள். பணியாளரோடு இளையோர் ஒருவரையும் கூட்டிப்போங்கள். அந்தப் பாட்டியின் போனில் சத்தம் வைக்கவும் அவனுக்குத்தான் தெரியும்.